இயந்திர நாய்க்கு ஈமச்சடங்கு

ஜப்பானின் சோனி நிறுவனம் 'ஐபோ' என்னும் இயந்திர நாயை 1999ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் இணையவழி விற்பனைக்கு வைத்தது. ஜப்பானிய மொழியில் 'கூட்டாளி' என்னும் பொருள் தொனிக்கும் பெயர் அது. விலை 2,50,000 யென். ஆயினும் அந்நாட்டுக்கென ஒதுக்கப்பட்ட 3,000 நாய்களும் 20 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன.

2006இல் உற்பத்தி நின்றது. 2014இல் பழுதுபார்க்கும் பணியும் நின்றது. விற்பனையான ஏறத்தாழ 1,50,000 நாய்களுள் எஞ்சியிருந்தவை திக்கற்றுப்போயின. மூட்டு இறுகியவற்றையும் மின்கலம் ஓய்ந்தவற்றையும் ஏந்தி வந்தோருக்குப் புகலிடமானது, சோனியின் முன்னாள் பொறியாளர்கள் நடத்திய 'ஏ-ஃபன்' நிறுவனம். புதிய பாகங்கள் கிடையா. ஆகவே ஒன்றைப் பிரித்தே மற்றொன்றைப் பிழைக்கவைக்க வேண்டியிருந்தது. பழுதுபார்த்தல் என்னும் சொல் இதற்குப் போதாது. உறுப்புக்கொடை என்பதே பொருந்தும்.

பிரிப்பதற்கு முன், சிபா மாநிலத்து இசுமி நகரின் கோஃபுகுஜி என்னும் பௌத்தக் கோயிலில் அவற்றுக்கு ஈமச்சடங்கு செய்யும் வழக்கம் 2015இல் தொடங்கிற்று. முறிந்த ஊசிகளுக்கும் பழைய பொம்மைகளுக்கும் வழிபாடு நிகழ்த்தும் நாட்டில் இதனை வேடிக்கையெனத் தள்ளுதல் தகாது. 2018 ஏப்ரல் சடங்கில் 114 நாய்கள் வரிசையாக அமர்த்தப்பட்டிருந்தன. எவ்வூர், எக்குடும்பம் எனக் குறித்த சீட்டு ஒவ்வொன்றிலும் இருந்தது. அதற்கு மூன்று திங்கள் முன்னரே சோனி புதிய ஐபோவை விற்பனைக்குக் கொணர்ந்திருந்தது.