கட்டுமானமும் மரக்காப்பும் – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

சாலை, அரண்மனை, அணை, இருப்புப்பாதை என எதனை எழுப்ப முற்படினும், அந்நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் மரத்தை என்செய்வது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்கு இந்தியச் சமூகம் எல்லாக் காலத்தும் ஒரே விடையைத் தந்ததில்லை. மரத்தை நடுவே நிறுத்தி அதனைச் சுற்றிக் கோயில் எழுப்பியதும் உண்டு. அரண்மனைக்கு வேண்டிய சுண்ணாம்பை நீற்ற மரத்தை வெட்டி எரிக்க முற்பட்டதும் உண்டு. விடுதலைக்குப் பிந்தைய காலத்தில், வெட்டப்படும் ஒரு மரத்திற்கு ஈடாக இத்தனை கன்றுகள் நடுதல் வேண்டும் என்னும் கணக்குமுறை நிலைபெற்றது. இம்மாற்றங்களின் போக்கை நூற்சான்றுகள், வரலாற்று நிகழ்வுகள், சட்டங்கள், நீதிமன்ற ஆணைகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. மரம் ஓர் எண்ணாகக் கருதப்படத் தொடங்கியபொழுது, அது வேரூன்றிய மண்ணும் அதனைச் சூழ்ந்த புல்லும் புதரும் காப்பின் எல்லையினின்று விலகின என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

பண்டைச் சான்றுகள்

சாலைக்கும் மரத்திற்கும் உள்ள தொடர்பைக் கூறும் மிகப் பழைய சான்றுகளுள் அசோகனின் ஏழாம் தூண் ஆணை குறிப்பிடத்தக்கது. தோப்ராவிலிருந்து கொணரப்பட்டு இன்று தில்லி பிரோசு ஷா கோட்லாவில் நிற்கும் தூணில் மட்டுமே இவ்வாணை காணப்படுகின்றது. மாந்தருக்கும் விலங்கிற்கும் நிழல் தரும்பொருட்டுச் சாலையோரங்களில் ஆலமரங்கள் நடப்பெற்றதையும், மாந்தோப்புகள் அமைக்கப்பெற்றதையும், கிணறுகளும் தங்குமிடங்களும் ஏற்படுத்தப்பெற்றதையும் அது கூறுகின்றது. இங்கு மரம் கிணற்றோடும் தங்குமிடத்தோடும் ஒருங்கே எண்ணப்படுதல் கருதத்தக்கது. சாலை என்பது மரத்தையும் உள்ளடக்கிய அமைப்பாகவே அன்று கொள்ளப்பட்டது எனலாம்.

மரத்திற்கு ஊறு செய்வோர்க்குரிய தண்டத்தைக் கௌடலீயம் வரையறுக்கின்றது. நகரச் சோலைகளில் பூவும் கனியும் நிழலும் தரும் மரங்களின் தளிரைக் கொய்தால் 6 பணம், சிறு கிளையை வெட்டினால் 12 பணம், பெருங்கிளையை வெட்டினால் 24 பணம் எனத் தண்டம் படிப்படியாக உயர்கின்றது. அடிமரத்தை வெட்டுதலும் வேரோடு அகற்றுதலும் அவற்றினும் கடுமையான தண்டத்திற்கு உரியனவாகும். மரத்தின் எவ்வுறுப்பிற்கு எவ்வளவு ஊறு என்பதைப் பகுத்து நோக்கும் இம்முறை, மரம் வீழ்ந்த பின்னரே குற்றம் நிகழ்ந்ததாகக் கொள்ளும் மனப்பான்மைக்கு மாறானது.

கட்டுமானத்திற்கு மரம் கொள்ளுங்காலும் வரையறைகள் இருந்தன. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் சம்கிதை, படிமம் செய்தற்கு மரம் தேடிக் காடு புகுவோர் விலக்கவேண்டிய மரங்களைப் பட்டியலிடுகின்றது. வழியோரத்திலும் கோயிலிலும் சுடுகாட்டிலும் நிற்பவை, பறவைக் கூடுகளை உடையவை முதலியன அவற்றுள் அடங்கும்.

தமிழ் மரபில் காவல்மரம், தலமரம் என்னும் இருவகை மரங்கள் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கன. வேந்தரின் காவல்மரம் வெட்டப்படுதல் அவ்வேந்தரின் தோல்வியாகவே கருதப்பட்டது. பழையனின் வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டிய செய்தியைச் சங்க நூல்வழி அறிகின்றோம். தலமரமோ கட்டுமானத்தோடு நேரடித் தொடர்புடையது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரத்திற்கென இடம் ஒதுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். புத்தகயையில் போதி மரத்தை ஒட்டியே மகாபோதி கோயில் எழுந்தது. இத்தகைய இடங்களில் மரம் நிற்குமிடத்தை ஒட்டிக் கட்டடத்தின் அமைப்பு வகுக்கப்பட்டது.

கேஜர்லி நிகழ்வு

மரக்காப்பு மரபிற்கும் கட்டுமானத் தேவைக்கும் இடையே நிகழ்ந்த மோதல்களுள் பெரிதும் அறியப்பட்டது 1730ஆம் ஆண்டின் கேஜர்லி நிகழ்வாகும். சோத்பூர் அரசர் அபய்சிங்கின் கட்டடப் பணிக்குச் சுண்ணாம்பு நீற்ற விறகு தேவைப்பட்டது. அதன்பொருட்டு அரசரின் ஆட்கள் கேஜர்லிச் சிற்றூரின் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்தனர். கேஜ்ரி என்பது தமிழில் வன்னி என வழங்கும் மரமாகும். அவ்வூரின் பெயரும் அம்மரத்தால் அமைந்ததே. 1485ஆம் ஆண்டில் சாம்போசி தோற்றுவித்த பிசுனோய் நெறியின் 29 விதிகளுள் பச்சை மரத்தை வெட்டலாகாது என்பதும் ஒன்று. அந்நெறியைச் சார்ந்த அமிர்தாதேவி மரத்தைத் தழுவி நின்று உயிர் துறந்தார். அவரைத் தொடர்ந்து அவர்தம் மகளிரும் ஊராரும் வெட்டுண்டனர். இறந்தோர் 363 பேர் என்பது வழிவழி வரும் செய்தியாகும். பின்னர் அரசர் அப்பகுதியில் மரம் வெட்டுதலைத் தடைசெய்தார். அந்நாள் நினைவாக 2013ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 11ஆம் நாள் தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கொள்ளப்படுகின்றது.

பாலை நிலத்து வன்னியின் இலையும் காயும் கால்நடைக்கும் மக்களுக்கும் உணவாகின்றன. அதன் நிழலிலேயே கம்பு முதலிய புன்செய்ப் பயிர்கள் விளைகின்றன. ஆகவே கேஜர்லி மக்கள் காத்தது மரத்தை மட்டுமன்று. அம்மரத்தைச் சார்ந்த வாழ்நிலத்தையும் ஆகும். அரண்மனைக்கு விறகாகத் தோன்றியது ஊருக்கு வாழ்வாக இருந்தது.

இருப்புப்பாதைக் காலம்

1853ஆம் ஆண்டில் பம்பாய்க்கும் தானேவிற்கும் இடையே இருப்புப்பாதை தொடங்கப்பட்டபின் மரத்தின் தேவை முன்னர்க் காணாத அளவிற்கு உயர்ந்தது. தண்டவாளங்களைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்குத் தேக்கு, சால், தேவதாரு ஆகியன வெட்டப்பட்டன. தொடக்கக் காலத்து நீராவி எஞ்சின்கள் பலவும் விறகாலேயே இயங்கின. காடு விரைந்து அழிவதைக் கண்ட ஆங்கில அரசு 1864ஆம் ஆண்டில் வனத்துறையைத் தோற்றுவித்து, செருமானியரான தீத்ரிச் பிராண்டிசை அதன் தலைவராக்கியது. 1865, 1878, 1927 ஆகிய ஆண்டுகளில் வனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. கட்டுமானத்திற்கு மரம் தொடர்ந்து கிடைத்தல் இச்சட்டங்களின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாகும். மரத்தை எண்ணுதலும் அளத்தலும் விலை வகுத்தலும் அரசுப் பணியின் பகுதியாயின.

இக்காலத்தில் மரம் நடும் பணியும் நிகழாமலில்லை. 1911ஆம் ஆண்டில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, புதுதில்லியின் சாலைகள் அமைக்கப்பட்டபொழுது வேம்பு, நாவல், மருது, புளி முதலியன வரிசையாக நடப்பெற்றன. எனினும் தில்லியின் ஆரவல்லிக் குன்றுத்தொடரில் வேற்று நாட்டுச் சீமைக்கருவேல் பரப்பப்பட்டது. நாளடைவில் அது அம்மண்ணுக்குரிய மரஞ்செடிகளை நெருக்கி ஒடுக்கியது. பசுமை எதுவாயினும் பசுமையே என்னும் எண்ணத்தின் விளைவை இங்குக் காணலாம்.

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள்

கேரளத்தில் குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம் 1973ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. அதனால் அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடு நீரில் மூழ்கும் என்பதை அறிவியலாரும் கேரள சாத்திர சாகித்ய பரிஷத்தும் எடுத்துரைத்தனர். கவிஞர் சுகதகுமாரியின் ‘மரத்தினு ஸ்துதி’ என்னும் கவிதை அவ்வியக்கத்தின் குரலாயிற்று. திட்டம் கைவிடப்பட்டு, 1984ஆம் ஆண்டில் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தனி மரங்களின் எண்ணிக்கையை விடுத்து, ஒரு நிலத்தின் இயற்கைத் தாவரத் தொகுதி முழுமையையும் காத்தமையால் இந்நிகழ்வு தனிச்சிறப்புடையது. இதனிடையே 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், வன நிலத்தைப் பிற பணிகளுக்குப் பயன்படுத்த நடுவண் அரசின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 2023ஆம் ஆண்டின் திருத்தம் நாட்டெல்லையை அடுத்த 100 கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்புசார் நெடுந்திட்டங்கள் சிலவற்றிற்கு அதனின்று விலக்களித்தது.

நகரத்து மரங்களுக்கென மகாராட்டிரம் 1975ஆம் ஆண்டிலும், கருநாடகம் 1976ஆம் ஆண்டிலும், தில்லி 1994ஆம் ஆண்டிலும் தனிச் சட்டங்கள் இயற்றின. தில்லிச் சட்டத்தின் இரு வரையறைகள் ஆராய்தற்குரியன. மரத்தை வீழ்த்துதல் என்பதில் அடியோடு வெட்டுதல் மட்டுமன்றிப் பட்டையைச் சுற்றிச் செதுக்குதல், எரித்தல், பிறவாறு ஊறு செய்தல் ஆகியனவும் அடங்கும் என அது கூறுகின்றது. கௌடலீயத்தின் பகுப்பை ஒருவாறு நினைவூட்டும் விரிந்த வரையறை இது. ஆனால் மரம் என்பதற்குத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும், குறைந்தது 1 மீட்டர் உயரமும் வேண்டும் என்கின்றது. எனவே அம்மண்ணுக்குரிய புல், கொடி, சிறுபுதர் ஆகியன காப்பின் எல்லைக்குப் புறத்தே நிற்கின்றன. சீமைக்கருவேலும் மண்ணுக்குரிய மரமும் கணக்கில் ஒன்றாகின்றன.

வேரும் மண்ணும்

கட்டுமானத்தால் மரம் இறப்பது பெரும்பாலும் கோடரியால் அன்று. நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்கள் மண்ணின் மேலடுக்கிலேயே மிகுதியாகப் பரவியுள்ளன. கிளைநிழலின் எல்லையைக் கடந்தும் செல்கின்றன. மண்வாரி எந்திரங்களும் சுமையுந்துகளும் அதன்மேல் இயங்குகையில் மண் இறுகி, துகள்களுக்கிடையே உள்ள காற்றிடம் அடைபடுகின்றது. வேர் மூச்சுவிட இயலாது நலிகின்றது. கம்பிவடத்திற்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தோண்டும் பள்ளம் தாங்குவேரை அறுக்கின்றது. அடிமரத்தில் குவிக்கப்படும் மண் பட்டையை அழுகச் செய்கின்றது. சிமெண்ட்டுக் கழிவு மண்ணின் தன்மையை மாற்றுகின்றது. இவற்றால் மரம் உடனே வீழ்வதில்லை. பணி முடிந்து சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை காய்ந்து, ஒரு மழைக்காற்றில் சாய்கின்றது. அம்மரம் வெட்டப்பட்டவற்றின் கணக்கில் இடம்பெறுவதில்லை.

இவ்வுண்மை அரசாணைகளில் மிகக் காலந்தாழ்த்தே இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டில் நடுவண் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, மரத்தைச் சுற்றி 6 அடிக்கு 6 அடி இடத்தைச் சிமெண்ட்டுப் பூச்சின்றி விடவேண்டும் என்றது. அது பரவலாகப் பின்பற்றப்படாமையால், 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி மரங்களைச் சுற்றி 1 மீட்டர் அளவிற்குப் பூச்சை அகற்ற ஆணையிட்டது.

யசோர் சாலையும் ஈடுசெய் நடவும்

மேற்கு வங்காளத்தில் பாராசத்திலிருந்து பெட்ராபோல் எல்லைவரை செல்லும் யசோர் சாலையின் இருமருங்கும் முதிய மரங்கள் நிற்கின்றன. 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்காள அகதிகள் இச்சாலை வழியே வந்தனர்; அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்சுபெர்க் அவர்தம் துயரை இச்சாலையின் பெயரால் பாடினார். இங்கு இருப்புப்பாதை மேம்பாலங்கள் கட்டுதற்கு 356 மரங்களை வெட்டக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில், ஒரு மரத்திற்கு ஐந்து கன்று நடும் நிபந்தனையுடன் இசைவளித்தது. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டிற்கு 74,500 ரூபாய் என 2021ஆம் ஆண்டில் கணித்தது. மரத்தின் அகவையைப் பொறுத்து மதிப்பு பெருகும் என்னும் இக்கருத்து, முதிய மரமும் கன்றும் ஒன்றாகா என்பதை நீதிமன்றத்தின்முன் வைத்தது. எனினும் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் மரங்களை வெட்டுதற்கு உச்சநீதிமன்றத்தின் இசைவு கிடைத்தது. மேம்பாலமின்றி இருப்புப்பாதைக் கடவுகளில் நேரும் விபத்துகளும் உயிரிழப்புகளும் அரசுத் தரப்பில் எடுத்துரைக்கப்பட்டன. இருபுறத்தும் உயிரே வழக்காடியமையால் இது எளிதில் தீர்க்கவியலாத வழக்காயிற்று.

கால வேகம் காப்பிற்கு எதிராக நிற்பதை மும்பை ஆரே நிகழ்வு காட்டுகின்றது. மெட்ரோ பணிமனைக்கு எதிரான மனுக்களை உயர்நீதிமன்றம் 2019 அக்டோபர் 4 அன்று தள்ளியது. அன்றிரவே வெட்டுதல் தொடங்கிற்று. 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடுத்தபொழுது, வெட்ட இசைவு பெற்ற 2,185 மரங்களுள் 2,141 ஏற்கெனவே வீழ்ந்திருந்தன.

பெயர்த்து நடுதல் மற்றொரு தீர்வாக முன்வைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தில்லிக் கொள்கை, பாதிப்புறும் மரங்களுள் 80 விழுக்காட்டையேனும் பெயர்த்து நடவும், அவற்றுள் 80 விழுக்காடு பிழைக்கவும் வேண்டும் என்றது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு மரங்களே பிழைத்தன என 2022ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரம் கூறிற்று. வேர்ப்பரப்பின் பெரும்பகுதியை இழந்த முதிய மரத்திற்கு இது நேர்தல் வியப்பன்று. சாலை அகலப்படுத்தும் பணிக்காகத் தில்லிக் குன்றுத்தொடரில் 2024ஆம் ஆண்டில் உரிய இசைவின்றி மரங்கள் வெட்டப்பட்டதை உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் நீதிமன்ற அவமதிப்பாகக் கொண்டு, 185 ஏக்கரில் காடு வளர்க்கப் பணித்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. பண்டைய மரபில் மரம் சாலையின் உறுப்பாகவும், கட்டடத்தின் அமைப்பை வகுக்கும் நடுவமாகவும் விளங்கிற்று. ஆங்கிலேயர் காலத்தில் அது கட்டுமானப் பொருளாக அளக்கப்பட்டது. விடுதலைக்குப்பின் அதனைக் காக்க எழுந்த சட்டங்களும் எண்ணிக்கை முறையினின்று முற்றிலும் விடுபடவில்லை. வரைபடம் முடிவாகி, நிதி ஒதுக்கி, ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே மரம் பற்றிய வினா எழுப்பப்படுதல் இக்குறையின் வேராகும். அந்நிலையில் வெட்டுவதா, பெயர்ப்பதா என்னும் இரண்டே வழிகள் எஞ்சுகின்றன.

திட்டம் வரையும் பொழுதே மரத்தின் கிளைநிழலையும் வேர்ப்பரப்பையும் வரைபடத்தில் குறித்தல், முதல் எந்திரம் நிலத்தில் இறங்குமுன் அப்பரப்பிற்கு வேலியிடுதல், மேல்மண்ணைத் தனியே காத்து மீண்டும் இடுதல், பள்ளம் வெட்டாது வேரின் அடியில் துளையிட்டுக் குழாய் செலுத்துதல், மண்ணுக்குரிய புல்லையும் புதரையும் கணக்கிற் கொள்ளுதல் ஆகியன பெருஞ்செலவின்றி இயலக்கூடியவை. பணி முடிந்து சில ஆண்டுகள்வரை மரங்களின் நலத்தை ஆராய்ந்து பதிவு செய்தலும் இன்றியமையாதது. மரத்தால் பெயர்பெற்ற ஊர்கள் இந்திய மொழிகள் அனைத்தினும் உள்ளன. அவ்வூர்களுள் இன்று அம்மரம் எஞ்சியுள்ளவை எவை, எக்கட்டுமானத்தால் அது மறைந்தது என்பன ஊர்ப்பெயராய்வும் சூழலியலும் இணைந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுகளாகும்.