பழைய ஆல்டோவுக்குப் பெரிய டயர்: மழைத் தண்ணியில கார் தப்பிக்குமா?

மழைக்காலம் நெருங்கினாலே தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் பழைய சின்ன கார் வச்சிருக்கவங்களுக்குக் கவலைதான். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஏரியா ஆச்சே! ‘பெரிய வீல் மாட்டினா கார் உயரும், தப்பிச்சிடலாம்’ என்பது பலரின் கணக்கு. அது சரியா?

ஆல்டோ 800-ஐ எடுத்துக்குவோம். கம்பெனி டயர் 145/80 ஆர்12. அதாவது அகலம் 145 மி.மீ., பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 12 அங்குலம். டயரின் மொத்த உயரம் சுமார் 537 மி.மீ. இதை 155/80 ஆர்13-ஆக மாற்றினால் 578 மி.மீ. கூடுவது 41 மி.மீ. ஆனால் கார் உயர்வது அதில் பாதி, வெறும் 2 செ.மீ.தான். முழங்கால் தண்ணிக்கு இது எம்மாத்திரம்? இன்ஜின் காற்றிழுக்கும் வழியில் தண்ணி புகுந்தா, எந்த டயர் போட்டிருந்தாலும் செலவுதான்.

இழப்போ நிறைய. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது ஜி.எஸ்.டி. சாலையில் நிஜமா 65-ஐ நெருங்குவீங்க. பிக்கப் குறையும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உரசலாம்.

13 அங்குல ரிம்தான் வேணும்னா 155/65 ஆர்13 பரவாயில்லை. உயரம் 532 மி.மீ., பழைய டயருக்குக் கிட்டத்தட்ட சமம். காரும் உயராது. பெரிய ரிம், அகல டயர், அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. காசு கொடுக்கும் முன், ஓனர் மேனுவலில் உங்க மாடலுக்கு என்ன அளவு போட்டிருக்குன்னு பாருங்க. ஸ்டெப்னியையும் அதே அளவில் மாத்தணும், அந்தச் செலவையும் சேர்த்துக்கோங்க.