தீப்பெட்டிப் படமும் ஸ்டோர் ஐகானும்

இன்னைக்கு எபிசோடு என்னோட ஒரு சொதப்பல்ல இருந்து ஆரம்பிக்குது.

ஆபீஸ் நேரம் போக, ராத்திரி உட்கார்ந்து ஒரு புதிர் கேம் எழுதினேன். தீக்குச்சிகளை அடுக்கிப் போட்ட தப்பான கணக்கு ஒண்ணு திரையில வரும். ஒரே ஒரு குச்சியை நகர்த்தி அதைச் சரியாக்கணும். அவ்வளவுதான் கேம். கோடு எழுத எட்டு மாசம் ஆச்சு. ஐகான் போட ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம்.

ஸ்டோர்ல மேல இருக்கிற கேம்களைப் பார்த்தேன். வாயைப் பிளந்து கத்துற மூஞ்சி, பின்னாடி ஒரு வெடிப்பு, மூலையில சிவப்பு வட்டம். நானும் அதையே போட்டேன்: தலையில தீப்பிடிச்சு அலறுற ஒரு பையன். டவுன்லோடு வந்துச்சு. வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க மறுநாள் இல்லை. ஒருத்தர் ஒரு ஸ்டார் கொடுத்துட்டு "அந்தப் பையன் எங்கப்பா?"ன்னு கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கேம்ல பையனே கிடையாது.

பொங்கலுக்கு ஆச்சி ஊருக்குப் போனேன். கரிவலம்வந்தநல்லூர். சங்கரன்கோவில்ல இருந்து ராஜபாளையம் போற ரோட்டுல வரும். எல்லாரும் சுருக்கமா கரிவலம்னு சொல்வாங்க. ஆச்சிகிட்ட போனைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, "யாருல இவன், எதுக்குக் கத்துதான்?"னு கேட்டாங்க. தீக்குச்சி விளையாட்டுன்னு சொன்னதும், "அப்போ குச்சியை எங்க?" ஆச்சி பல வருஷம் வீட்டுல உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினவங்க. குரோஸ் கணக்குல கூலி. ஒரு குரோஸ்னா 144 பெட்டி. இந்த விஷயத்துல அவங்க என்னை விட சீனியர்.

அங்கதான் எனக்கு உறைச்சது. உள்ளங்கையில பாதிகூட இல்லாத இடம், பக்கத்துல அதே மாதிரி இருபது சரக்கு, வாங்குறவர் பார்க்கிறது ஒரே நொடி. இந்தப் பிரச்சினையை நம்ம பக்கத்து ஊர்க்காரங்க நூறு வருஷமா தீர்த்துக்கிட்டு இருக்காங்க. படிக்க நான் யூடியூப் போயிருக்கேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். சிவகாசிக்கு முன்னாடி தீப்பெட்டி நமக்கு வெளிநாட்டுச் சரக்கு. சுவீடன்லயும் ஜப்பான்லயும் தயாரிச்சு அனுப்பினாங்க. இந்தியச் சந்தைக்குன்னே லேபிள்ல நம்ம சாமி படங்களை அச்சடிச்சாங்க. இப்ப நாம லோக்கலைசேஷன்னு சொல்றது அதுதான். 1922ல சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து, 1923ல ஊர்ல தீப்பெட்டி ஆரம்பிச்சாங்க. அதே 1923லதான் சுவீடன் கம்பெனியும் விம்கோங்கிற பேர்ல பம்பாயில இறங்குது. ஒரு பக்கம் மெஷின், உலகளாவிய முதலீடு. இன்னொரு பக்கம் வானம் பார்த்த பூமியில கைவேலை.

இப்ப ஒரு பெட்டிக்கடையைக் கற்பனை பண்ணுங்க. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே விலை, உள்ள இருக்கிறதும் ஒரே குச்சி. வாங்க வர்றவங்கள்ல நிறைய பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. கடைக்காரர்கிட்ட எப்படிக் கேப்பாங்க? கிளிப் பெட்டி குடுங்க, ரயில் பெட்டி குடுங்கன்னுதான். லேபிள் படம் அழகுக்கு வச்சது இல்லை. அது கூப்பிடுற பேர். ஒரே வார்த்தையில சொல்ல முடியாத படம்னா வியாபாரம் நடக்காது. அதனாலதான் அந்தப் படங்கள் எல்லாம் ஒரு மிருகம், ஒரு பழம், ஒரு ஆயுதம், ஒரு வண்டின்னு இருக்கும். 'சீட்டா ஃபைட்' மாதிரி ஒரு மனுஷனும் சிறுத்தையும் கட்டிப் புரள்ற படம்தான் அதிகபட்சக் கதை. அதையும் ரெண்டு வார்த்தையில சொல்லிடலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி அச்சு. 1928ல சிவகாசிக்கு லித்தோ அச்சகம் வந்துச்சு. லித்தோல ஒவ்வொரு நிறத்தையும் தனியா அச்சடிக்கணும். நிறம் கூடினா செலவும் கூடும். அதோட, ரெண்டாவது நிறம் முதல் நிறத்து மேல மயிரிழை தள்ளி விழுந்தாலும் படம் கலங்கிடும். அதுக்கு வழி? தடிமனான கறுப்புக் கோடு. நிறம் கொஞ்சம் விலகினாலும் கோடு அதை மறைச்சிடும். மஞ்சள், சிவப்பு, நீலம்னு தட்டையான மூணு நாலு நிறம், நடுவுல ஒரே உருவம். பட்ஜெட் இல்லாததாலயும் மெஷின் சதி பண்ணதாலயும் வந்த ஸ்டைல் அது. ஆனா பத்தடி தூரத்துல, சிம்னி விளக்கு வெளிச்சத்துலகூட அடையாளம் தெரியும். கூகுள் பிளேவுக்கு நாம ஐகானை 512க்கு 512 பிக்சல்ல வரைஞ்சு, நிழல், பளபளப்பு எல்லாம் கொடுக்கிறோம். போன்ல அது கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்ததும் நிழல் எல்லாம் அழுக்கு மாதிரி தெரியுது.

இன்னொண்ணு. கோவில்பட்டியில இருந்த சி. கொண்டையராஜுவோட சாமிப் படக் காலண்டர்கள்ல அவர் பேர் இருக்கும். லேபிள்ல கையெழுத்துக்கு இடமே கிடையாது.

படம்தான் பேர்னு ஆனதும் திருட்டும் வந்தது. ஒரு படம் ஓடினா, அதே நிறத்துல, அதே மாதிரி உருவத்தை வச்சு, பேர்ல ரெண்டு எழுத்தை மட்டும் மாத்தி இன்னொருத்தர் இறக்கிடுவார். ஐகான் உலகத்துல நாம தினமும் பார்க்கிறதுதான். இதை அளக்க நம்ம சட்டத்துல ஒரு நல்ல அளவுகோல் இருக்கு. அமிர்ததாரா, லக்ஷ்மண்தாரான்னு ரெண்டு மருந்துப் பேர் பத்தின வழக்குல, 1962ல உச்ச நீதிமன்றம், ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாது, சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒருத்தர் குழம்புவாரான்னுதான் பார்க்கணும்னு சொன்னது. அரைகுறை ஞாபகம்! எந்த டிசைன் வகுப்புலயும் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரலை. என் பையன் மூஞ்சியை அரைகுறை ஞாபகத்துல வச்சிருக்கிறவருக்கு, அது மத்த நூறு கத்துற மூஞ்சிகள்ல ஒண்ணு. அவ்வளவுதான்.

ஆனா லேபிளை அப்படியே காப்பி அடிச்சா போதும்னு நான் சொல்லலை. இங்க ஒரு வித்தியாசம் இருக்கு. கிளிப் பெட்டியைத் திறந்து கிளி எங்கேன்னு யாரும் கேட்டதில்லை, ஏன்னா பெட்டிக்குள்ள என்ன இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். கேம் அப்படி இல்லை. உள்ள என்னன்னு தெரியாம வர்றாங்க. அதனால அட்டைப்படம் ஒரு பேரா இருக்கிற அதே நேரத்துல ஒரு வாக்கும் கொடுக்குது. வாக்கை மீறினா கோபம் வரும். 2020ல பிரிட்டனோட விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளம்பரங்களைத் தடுத்தது இதுக்காகத்தான். ஆணியைப் பிடுங்குற புதிரைக் காட்டிட்டு, உள்ள பெரும்பாலும் மூணு சேர்க்கிற ஆட்டத்தைக் கொடுத்தாங்க. 2021ல கூகுள் பிளே ஐகான்ல 'நம்பர் ஒன்', தள்ளுபடி மாதிரி வாசகங்களுக்குத் தடை போட்டது. 2022ல ஸ்டீமும் அட்டைப்படத்துல விருது, விமர்சன மார்க்கு எல்லாம் கூடாதுன்னு சொல்லிடுச்சு.

லேபிள் மறைச்ச விஷயம் ஒண்ணும் இருக்கு, அதைச் சொல்லாம விட முடியாது. விடியுறதுக்கு முன்னாடி ஃபேக்டரி பஸ் கிராமம் கிராமமா வந்து குழந்தைகளை ஏத்திட்டுப் போன காலம் அது. சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990ல வந்தது, தேடிப் பாருங்க. பழைய லேபிளை இன்ஸ்டாகிராம்ல பார்த்து நான் ரசிச்சப்போ, ஆச்சி சொன்னாங்க: "படத்தை யாரு பாத்தா? பசை காயுறதுக்குள்ள அடுத்ததை எடுக்கணும்லா." அவங்க கையில ஆயிரக்கணக்குல போன படம் எதுவும் அவங்களுக்கு ஞாபகம் இல்லை.

திரும்பி வந்து ஐகானை மாத்தினேன். மஞ்சள் பின்னணி, கறுப்புக் கோடு, மூணு குச்சி. அதுல ரெண்டு நேரா நிக்குது. மூணாவது, சிவப்புத் தலையோட சாய்ஞ்சு, தப்பான இடத்துல கிடக்குது. பார்க்கிறவங்களுக்கு அதை நிமிர்த்தி வைக்கத் தோணணும், கேம்லயும் அதைத்தான் செய்யணும். பழையதையும் புதுசையும் கூகுள் பிளேவோட ஸ்டோர் லிஸ்டிங் சோதனையில ஓட விட்டேன். அதுல இன்ஸ்டால் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. மறுநாளும் தங்கினவங்களோட கணக்கு தனியா வரும், அதைப் பாருங்க. கத்துற பையன் முதல் கணக்குல ஜெயிச்சான், ரெண்டாவதுல தோத்தான்.

போன வாரம் ஆச்சிக்கு வீடியோ கால் போட்டு, திரையில பதினாறு ஐகான் காட்டி என்னோடது எதுன்னு கேட்டேன். "அந்தா, குச்சி சாஞ்சு கெடக்குலா"ன்னாங்க.

உங்க வீட்டுப் பரண்ல பழைய தீப்பெட்டி லேபிள் ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. யார் ஒட்டினாங்கன்னு தெரிஞ்சா, அதையும் சேர்த்து எழுதுங்க.