கிண்டர் மலையின் வலவழி

இங்கிலாந்து தேயத்தின் நடுவே, மாஞ்செஸ்டர், ஷெபீல்டு என்னும் இரு கைத்தொழில் நகரங்கட்கும் இடையில், பீக் மாவட்டம் எனப் பெயரிய மலைநாடொன்று உளது. அதன்கண் ஏனையவற்றினும் உயர்ந்து நிற்பது கிண்டர் ஸ்கௌட் என்பது. 2,087 அடி உயரமே உடைய அதனை நம் நாட்டு மலைகளோடு ஒப்புநோக்குவார் குன்றென்றே கூறுவர். எனினும் அக்குன்றினைச் சுற்றிவரவும், அதன்மேல் ஏறிக் கடக்கவும் எளிய மக்கள் எய்திய உரிமையின் வரலாறு நூறாண்டிற்கு மேல் நீண்டது, சிறைவாசத்தையும் உள்ளடக்கியது.

குன்றின் உச்சி கூர்மையுடையதன்று. அகன்று பரந்த மேட்டுவெளியாகும். இத்தகைய மரமற்ற உயர்நிலத்தை ஆங்கிலர் 'மூர்' என்று வழங்குவர். ஆங்கு ஹெதர் என்னும் குறுஞ்செடி படர்ந்து, கோடையின் இறுதியிற் செந்நீல நிறமாகப் பூக்கும். அதன் அடியிற் கிடப்பது மண் அன்று. பாசியும் புல்லும் பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறி முற்றும் அழுகாது படிந்த கரிய சேறு. அஃது உலர்ந்தால் விறகுபோல் எரியும். ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும் இப்படிவம், சில இடங்களில் ஓர் ஆளுயரத்தினும் மிக ஆழமாக உளது என்றால் அதன் பழமை உய்த்துணரற்பாலது.

இம்மேட்டுவெளிக்குச் செல்வார் பெரும்பாலும் மேற்கே ஹேபீல்டு என்னும் சிற்றூரினின்று புறப்படுவர். போடன் பாலத்தைக் கடந்து, 1912-இல் முடிவுற்ற நீர்த்தேக்கத்தின் கரைமேற் சென்று, வில்லியம் கிளஃப் என்னும் ஓடைப்பள்ளத்தின் வழியே ஏறினால் ஆஷப் ஹெட் என்னும் கணவாயை அடையலாம். ஆண்டிருந்து செங்குத்தான ஏற்றம் ஒன்று; அதன்பின் மேட்டின் விளிம்பை ஒட்டித் தென்கிழக்கே செல்லுதல் எளிது. இடையில் கிண்டர் அருவி உளது. ஏறத்தாழ நூறடி வீழும் அவ்வருவி, மேல்காற்று வலிதாய் வீசும் நாளில் கீழே விழாது மேல்நோக்கிப் புகைபோலத் திரும்பி எழும். ஊரினரும் அதனைத் தொலைவிலிருந்தே காண்பர். பின்னர் கிண்டர் லோ என்னும் முகட்டைக் கடந்து இறங்குவார் ஈடேல் சிலுவை என்னும் பழைய கல்லைக் காண்பர். இடைக்காலத்தில் அரசர்க்குரிய வேட்டைக்காட்டின் பிரிவுகள் கூடும் எல்லையைக் காட்டிய அக்கல், வீழ்ந்து கிடந்து, 1810-இல் மீண்டும் நிறுத்தப்பெற்றது. அவ்வாண்டு அதன்மேற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஆண்டிருந்து பொதிக்குதிரைகள் சென்ற பழைய வழியே மேற்கே இறங்கினால் மீண்டும் போடன் பாலம். சுற்று முழுவதும் ஏறத்தாழ 9 மைல்; ஏற்றம் 1,500 அடியளவு; நடை பழகினார்க்கு ஐந்து மணி நேரத்து வேலை. இஃது இன்று சிறுவரும் நடக்கும் வழி. ஆயினும் இச்சுற்றின் ஒரு பாதி, நூறாண்டுகட்கு முன்னர் எவரும் அடியிடலாகாத நிலமாய் இருந்தது.

யாங்ஙனமெனின், பண்டு இம்மேடு ஊரவர்க்குப் பொதுவான மேய்ச்சல் நிலமாய் இருந்தது. ஆடு மேய்த்தலும், எரிக்கும் சேற்றைக் கட்டிகளாக வெட்டிக் கொள்ளுதலும் அவர்தம் வழக்குரிமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியார்க்குப் பகிர்ந்தளிக்கும் சட்டங்களால் இதுவும் அயலிலிருந்த நிலக்கிழார்பாற் சென்றது. அவர் இதனை உழுதாரல்லர், வேட்டைக்கே ஒதுக்கினர். கௌதாரியை ஒத்த கிரௌஸ் என்னும் பறவை ஹெதர்ச் செடியின் இளந்தளிரை உண்டு வாழ்வது. அதனைச் சுடுதற்குரிய பருவம் ஆகஸ்டு 12-ஆம் நாள் தொடங்கி டிசம்பர் 10-ஆம் நாள் முடிவது. அப்பருவத்துள்ளும் வேட்டை நிகழும் நாட்கள் சிலவே. அச்சில நாட்களின் பொருட்டு ஆண்டு முழுதும் வேட்டைக்காவலர் தடியேந்தி நின்று வழிப்போக்கரைத் துரத்தினர். பறவை அடைகாக்கும் காலத்து மக்கள் நடமாட்டம் அதற்கு ஊறு செய்யும் என்பது நிலக்கிழார் கூற்று. அதனை முற்றும் பொய்யென்று தள்ளுதல் நடுநிலையாகாது. ஆயின் ஒரு பறவையைக் காத்துப் பின்னர்ச் சுடுதற்காக ஒரு மலையையே அடைத்தல் முறையாமோ என்னும் வினாவிற்கு அது விடையாகாது.

மாஞ்செஸ்டரிலும் ஷெபீல்டிலும் அக்காலத்துத் தொழிலாளர் வாழ்ந்த நிலையும் ஈண்டு நினைக்கத்தக்கது. பஞ்சாலையின் இரைச்சலிலும் எஃகுலையின் வெப்பத்திலும் ஆறு நாள் உழன்றார்க்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. ஹேபீல்டிற்கு 1868-இலும், ஈடேலுக்கு 1894-இலும் புகைவண்டிப் பாதை வந்தமையால், சில பென்ஸுகளுக்குப் புகையற்ற வானத்தை அவர் காணலாயினர். கண்ணெதிரே நின்ற மலை மட்டும் அடைபட்டிருந்தது.

உரிமை மீட்கும் முயற்சி முதலிற் பழைய பாதைகளைப் பற்றியே எழுந்தது. 1894-இல் மாஞ்செஸ்டரில் நடைபாதைகளைக் காக்கும் கழகம் ஒன்று தோன்றியது. ஹேபீல்டிலிருந்து வில்லியம் கிளஃப் வழியாக வடகிழக்கே ஸ்நேக் விடுதிக்குச் செல்லும் வழியை நிலக்கிழார் அடைத்திருந்தனர். கழகத்தார் அவரோடு பேசி, 1897-இல் அவ்வழியைப் பொதுவழியாகத் திறப்பித்தனர். வழி மட்டுமே திறந்தது. அதனின்று சில அடி விலகினும் குற்றமே.

இவ்வெற்றியின் பயன் மூன்றாண்டிற் புலனாயிற்று. 1900 செப்டம்பர் 2-ஆம் நாள், ஷெபீல்டில் எந்திரத் தொழிலாளராயிருந்த வார்டு என்பார் 14 பேர் கொண்ட குழுவாக ஈடேலில் இறங்கி நடந்தனர். ஷெபீல்டு கிளாரியன் நடையர் கழகத்தின் முதல் நடை இதுவே. தெற்கே ஈடேலினின்று மேற்கே ஹேபீல்டு, அங்கிருந்து வடக்கே புதிதாய்த் திறந்த வழி, பின் கிழக்கே ஸ்நேக் விடுதி, முடிவில் ஹோப் என்னும் ஊர் என ஏறத்தாழ 20 மைல் சென்றனர். மலையை வலப்புறத்தே கொண்டு அதனை முற்றச் சுற்றினராதலின், நம் வழக்கிற் கூறின் அஃது ஒரு வலமே. அவர் அதனை வழிபாடாகக் கருதினாரல்லர். மேலே ஏறுதற்கு உரிமையின்மையாற் சுற்றினர்.

சுற்றுதலோடு அமையாத தலைமுறை ஒன்று பின்னர் வந்தது. மலைவெளிகளை மக்கட்குத் திறத்தற்கு 1884-இல் ஜேம்ஸ் பிரைஸ் என்பார் பாராளுமன்றத்திற் கொணர்ந்த மசோதாவும், அதன்பின் வந்த பலவும் தோல்வியுற்றன. 1932 ஏப்ரல் 24-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 400 இளைஞர் போடன் பாலத்தருகேயுள்ள கற்குழியிற் கூடினர். அவர்க்கு உரை நிகழ்த்தியவர் பென்னி ராத்மன் என்னும் இருபது அகவை இளைஞர். புகைவண்டி நிலையத்திற் காவலர் தம்மை எதிர்நோக்கியிருப்பர் என்று எண்ணி அவர் மிதிவண்டியிலேயே வந்து சேர்ந்தனர். குழுவினர் வில்லியம் கிளஃப் வழியே சென்று, ஓரிடத்தே பாதையை விட்டு விலகி மேட்டில் ஏறினர். காவலரோடு கைகலப்பு நிகழ்ந்தது. காவலருள் ஒருவர் காயமுற்றார். ஏறினோர் ஆஷப் ஹெட் அருகே, ஈடேற் பக்கமிருந்து வந்த ஷெபீல்டுக் குழுவினரைக் கண்டு மகிழ்ந்து திரும்பினர். ஆராயின், அவர் விலகி நடந்த நிலம் சிறிதே. மலையின் உச்சியை எய்தினாருமல்லர்.

ஹேபீல்டில் அறுவர் சிறைப்பட்டனர். பிறர் நிலத்தில் நுழைதல் அந்நாட்டுச் சட்டப்படி உரிமை வழக்கேயன்றித் தண்டனைக்குரிய குற்றமன்று. ஆதலின் கலகஞ் செய்தல், தாக்குதல் என்னும் குற்றங்கள் சாட்டப்பெற்றன. அவ்வாண்டு ஜூலையில் டெர்பி நகரத்து நீதிமன்றத்தில், படைத்தலைவரும் நாட்டுப்புறச் செல்வரும் மிக்க ஜூரியார் முன்னர் வழக்கு எழுந்தது. ஐவர்க்கு இரண்டு முதல் ஆறு திங்கள் வரை சிறை விதிக்கப்பட்டது. ராத்மனுக்கு நான்கு திங்கள். முதிர்ந்த நடையர் கழகங்கள் இச்செயலை முன்னரே வெறுத்திருந்தன. பல்லாண்டுப் பேச்சைக் கெடுத்ததென்று பின்னரும் கூறின. ஆயினும் தண்டனையின் கடுமை நாட்டு மக்கள் உள்ளத்தைத் திருப்பியது. கழகத்தார் பல்லாண்டு முயன்றும் பெறாத கவனத்தை அத்தீர்ப்பு ஒருநாளிற் பெற்றுத் தந்தது என்னலாம்.

அதன்பின்னும் சட்டம் விரைந்து வந்திலது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கிழார் செய்த திருத்தங்களால் தன் நோக்கத்திற்கே மாறாயிற்று. நடப்போரைச் சில நிலைகளிற் குற்றவாளியாக்கும் விதியும் அதன்கட் புகுந்தது. 1949-ஆம் ஆண்டுச் சட்டமே பயனுடையது. அதன்படி 1951 ஏப்ரல் 17-ஆம் நாள் பீக் மாவட்டம் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. பின்னர் உடன்படிக்கைகளால் கிண்டர் மேடு திறந்தது. 1982-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையம் அதனை விலைகொடுத்து வாங்கியது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் முழுதும் இத்தகைய மேட்டுவெளிகளிற் பாதை விலகி நடக்கும் உரிமையை வழங்கியது. 2002 ஜனவரியில் ராத்மன் மறைந்தார். அவ்வாண்டு ஏப்ரலில், எழுபதாம் ஆண்டு நினைவுக்கூட்டத்தில், டெவன்ஷயர் கோமகனார் தம் பாட்டனார் காலத்து நிகழ்ந்த செயலுக்கு மக்கள் முன்னிலையில் மன்னிப்பு வேண்டினர். அக்கோமகனார் குடும்பம் கிண்டரின் ஒரு பகுதிக்கு உடையதாயிருந்தது.

வேட்டைக்காவலர் நீங்கிய மேட்டிற்கு வேறோர் இடர் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக மாஞ்செஸ்டர் ஆலைகளின் புகைக்கரி காற்றோடு வந்து படிந்து, நீரைத் தாங்கும் பாசியைக் கொன்றது. பாசி மாய்ந்த இடத்துக் கருஞ்சேறு மழையில் அரித்தோடி ஆழ்ந்த பிளவுகளாயிற்று. மிகப்பலர் கால்களும் அதனை உழுதன. 2003 முதற்கொண்டு பிளவுகளிற் கல்லணை இட்டும், புல் விதைத்தும், பாசியை மீண்டும் நட்டும் வருகின்றனர். ஆஷப் ஹெட்டிற்கு அப்பால் வடக்கே செல்லும் நெடுவழியில், சேற்றில் மிதித்தழியாவண்ணம் அகன்ற கற்பலகைகள் பாவப்பட்டுள்ளன. அவற்றுட் பல, இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளத்தினின்றும் பெயர்த்துக் கொணர்ந்தவை. தறிக்காலும் தொழிலாளர் காலும் தேய்த்த வழுவழுப்பு அவற்றில் இன்னும் காணப்படுகின்றது.