மறைமலை நகர் எண்டெவரும் நம்ம நுரையீரலும்

1/ ஞாயிறு காலைல ஈ.சி.ஆர்.ல மாமல்லபுரம் பக்கம் போனீங்கன்னா, பழைய ஃபோர்டு எண்டெவர் ஒண்ணாவது கண்ணுல படும். அது நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துலயே, மறைமலை நகர்ல உருவான வண்டி. அதோட எஞ்சின் வரலாற்றுல நம்ம நுரையீரலுக்கும் பங்கு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ மறைமலை நகர் ஆலை 1999-ல் ஐகான் காரைக் கொண்டுவந்தது. 2003-ல் எண்டெவர். தாய்லாந்தில் எவரெஸ்ட் என்ற பெயரில் விற்ற அதே வண்டிதான். 2.5 லிட்டர் டர்போ டீசல், லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த பாடி.

3/ ஆனா ரசிகர்கள் உருகுறது 2016 ஜனவரியில் வந்த 3.2 லிட்டர் வண்டிக்கு. ஐந்து சிலிண்டர், 200 பி.எஸ். பவர், 470 நியூட்டன் மீட்டர் டார்க். 800 மி.மீ. ஆழத் தண்ணீரிலும் இறங்கும்.

4/ அஞ்சு சிலிண்டர்ல என்ன விசேஷம்? நாலு சிலிண்டர் எஞ்சின்ல கிராங்க் 180 டிகிரி சுத்தினா ஒரு வெடிப்பு. இதுல 144 டிகிரிக்கே ஒண்ணு. ஒரு தள்ளு முடியறதுக்குள்ள அடுத்தது தொடங்கிடும். அந்தத் தனி உறுமலுக்கும் இதுதான் காரணம்.

5/ 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தது. சாதாரண டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மி.கி. துகள் விடலாம் என்றிருந்தது 4.5 மி.கி. ஆனது. 3.2 போய், 170 பி.எஸ். தரும் 2 லிட்டர் எஞ்சின் வந்தது. "சட்டம் நல்ல எஞ்சினைக் கொன்னுடுச்சு"ன்னு ரசிகர்கள் இன்னும் புலம்புறாங்க.

6/ வருத்தம் புரியுது. ஆனா டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லயே உறுதியா வகைப்படுத்திடுச்சு. நுண்துகள் மூக்குல நிக்காது. நுரையீரலின் காற்றுப் பை வரைக்கும் போகும்.

7/ உண்மையான இழப்பு வேற. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. இங்கேயும் குஜராத்தின் சானந்திலும் சேர்த்து சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். எண்டெவரும் அதோட நின்னுபோச்சு.

8/ இப்போ மிச்சம் இருக்கிற 3.2-க்கு மவுசு. சிலர் இ.ஜி.ஆர். வால்வை அடைக்கிறாங்க, சிலர் ரீமேப் பண்ணி டீசலைக் கூட்டுறாங்க. இ.ஜி.ஆர்., புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பி எரியும் வெப்பத்தைக் குறைக்கும். அடைச்சா நைட்ரஜன் ஆக்சைடு கூடும். ஆஸ்துமா குழந்தைக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். டீசல் அதிகமானா கரும்புகை. அது பவர் இல்லீங்க, எரியாம வீணாப்போன டீசல்.

9/ 2025 அக்டோபரில் ஃபோர்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029 முதல் மறைமலை நகர் ஆலையில் எஞ்சின் தயாரிப்பு. நடந்தா நம்ம பசங்களுக்கு வேலை.

10/ அதுவரைக்கும், 3.2 வெச்சிருக்கிறவங்களே, வண்டியைப் பத்திரமா பாத்துக்கோங்க. நம்ம ஊரு உழைப்பு அது. ஆனா இ.ஜி.ஆரை அடைக்காதீங்க, ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க, புகைச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்காம நிஜமாவே சோதிச்சு வாங்குங்க. உங்க பின்னாடி டூவீலர்ல வர்றவங்களும் மூச்சு விடணும்ல?