வாடகை வீடும் தீண்டாமையும்

தீண்டாமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கிணறு, கோயில், டீக்கடை, சுடுகாடு என்று வரிசைப்படுத்துவார்கள். அந்த வரிசையில் வாடகை வீடு அநேகமாக வருவதில்லை. கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு என்று ஏற்கெனவே பிரித்து வைத்தாகிவிட்டது. ஊர்த்தெருவில் போய் வீடு கேட்கிற பேச்சே அங்கு எழாது. படித்து, வேலை கிடைத்து, நகரத்துக்கு வருகிற தலித்துக்குத்தான் இந்தக் கேள்வி வருகிறது. இதற்கு மிகப் பெரிய சாட்சி அண்ணல் அம்பேத்கரே.

1917இல் அவர் பரோடாவுக்குப் போகிறார். சமஸ்தானத்தின் உதவித்தொகையில் வெளிநாடு சென்று படித்தவர், ஒப்பந்தப்படி சமஸ்தான வேலையில் சேர வேண்டும். எங்கே தங்குவது? இந்து ஓட்டல்களில் இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் தங்குகிறார். அரசு பங்களா கேட்டுக் கொடுத்த மனு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. பதினோராம் நாள், கையில் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் மாடியேறி வருகிறார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்தாக வேண்டும். இந்து நண்பர் ஒருவரைக் கேட்டால், நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்கிறார். கிறிஸ்தவ நண்பரோ மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். கணவன் மனைவி இருவருமே பிராமணராயிருந்து மதம் மாறியவர்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்புகிறார் அண்ணல்.

அவர் வாடகை பாக்கி வைக்கவில்லை. தகராறு செய்யவில்லை. வர்ண அமைப்புக்கு வெளியே இருக்கிற பார்சிக்கும், அதை உதறிவிட்டதாகச் சொன்ன கிறிஸ்தவருக்கும் வீட்டு வாசலுக்கு வந்ததும் சாதி ஞாபகம் வந்துவிடுகிறது. காசுக்கு நகரத்தில் எதுவும் கிடைக்கும் என்பவர்களுக்கு இதுவே பதில்.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் என்ன செய்தது? அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15(2) பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போட்டது. வீடு அதில் இல்லை. 1955இல் வந்து, 1976இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தில்தான் வீடு இருக்கிறது. தீண்டாமை காரணமாக எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. 12ஆம் பிரிவு இன்னும் முக்கியம். இச்சட்டப்படி குற்றமாகிற ஒரு செயல் தாழ்த்தப்பட்டவர் மீது நடந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது தீண்டாமையால் நடந்ததாகவே கோர்ட் அனுமானிக்க வேண்டும்.

ஆனால் வீட்டுக்காரர் வாயைத் திறந்து சாதி சொல்வதில்லை. 'உங்களுக்கு எந்தப் பக்கம்? குலசாமி எது? அசைவம் சாப்பிடுவீங்களா?' என்று சுற்றிவளைத்து விசாரிக்கிறார். தெரிந்ததும், 'நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாருங்க' என்கிறார். டு-லெட் போர்டு அடுத்த வாரமும் தொங்குகிறது. 'சைவம் மட்டும்' என்று எழுதிப்போடுவது இன்னும் சுலபம். சாதியைச் சமையலறை வழியாகச் சொல்லிவிடலாம்.

வாடகைச் சட்டங்கள் இதைத் தொடுவதேயில்லை. தமிழகத்தின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதன் இடத்தில் 2019இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகை, ஒப்பந்தம், காலி செய்வது பற்றிப் பேசுகின்றன. எல்லாம் குடியேறியவனுக்கு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவன் அந்தச் சட்டத்தின் கண்ணில் வாடகைதாரனே இல்லை. கோர்ட்டும் எப்போதும் நம் பக்கம் நின்றதில்லை. குஜராத்தின் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வைத்திருந்த விதி செல்லும் என்று 2005இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தில்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட் குழுவினர் உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் வீடு தேடவைத்து ஆய்வு செய்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது நமக்குத் தெரிந்ததுதான்: பெயர் மாறினால் பதிலும் மாறுகிறது.

இதே 'இல்லை'யை எதிர்கொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் கறுப்பர் பகுதியில் வாடகைக்குக் குடியேறி, வெள்ளையர் குடியிருப்புகளுக்குள் ஊர்வலம் போனார், கல்லடி பட்டார். அவர் 1968 ஏப்ரல் 4இல் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. நிறத்தைக் காரணம் வைத்து வீடு மறுப்பதை மட்டுமல்ல, வீடு காலியாக இருக்கும்போது 'இல்லை' என்று பொய் சொல்வதையும் அச்சட்டம் தடை செய்தது. பாகுபாடான விளம்பரத்தையும் தடுத்தது. முதலில் ஒரு கறுப்பரை அனுப்பிக் கேட்பது, பின்னாலேயே ஒரு வெள்ளையரை அனுப்பிக் கேட்பது என்று இயக்கங்கள் சோதித்தன. அப்படிச் சோதிக்கப் போய்ப் பொய்ப்பதில் வாங்கியவருக்கும் வழக்குப் போட உரிமை உண்டு என்று 1982இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சொன்னது. அதிலும் ஓட்டை உண்டு: நாலு குடித்தனம் வரை உள்ள வீட்டில் உரிமையாளரும் குடியிருந்தால் பெரும்பகுதி விதிகள் அவருக்குப் பொருந்தாது. கறுப்பர் பகுதி, வெள்ளையர் பகுதி என்பதும் மறைந்துவிடவில்லை. ஆனாலும் வீட்டுக்காரரின் 'இல்லை' அங்கே விசாரணைக்குரிய சொல் ஆகிவிட்டது.

இங்கே அது இன்னும் வீட்டுக்காரரின் சொந்த விஷயம். அதனால் நம் பிள்ளைகள் பெயரைச் சுருக்கிக்கொள்கிறார்கள், ஊரை மாற்றிச் சொல்கிறார்கள், அம்பேத்கர் படத்தைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள், கறி எடுத்தால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். மாதாமாதம் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிற இந்த வரிக்கு ரசீது கிடையாது.

வீட்டை மறுப்பதும், பொய்க்காரணம் சொல்வதும், சைவம் என்று விளம்பரம் போடுவதும் குற்றம் என்று வாடகைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை 4ஆம் பிரிவும் 12ஆம் பிரிவும் புத்தகத்தில் தூங்க வேண்டியதில்லை. இரண்டிரண்டு பேராக மாணவர்கள் ஒரே போர்டைப் பார்த்துப் போய்க் கேட்கட்டும். கிடைத்த பதில்களைத் தேதியோடு எழுதி வைக்கட்டும். வழக்குக்கு வேண்டிய சாட்சியம் அங்கிருந்துதான் வரும்.