18 வயது நிறையாதவர் மீது கொலைக் குற்றச்சாட்டு: வழக்கு எங்கே நடக்கும்?

“பையனுக்கு 16 வயதுதானே, புத்திமதி சொல்லி அனுப்பிவிடுவார்கள்” என்று நம்பும் பெற்றோர் தோட்டத்திலும் உண்டு, தாமானிலும் உண்டு. சிறு திருட்டு, கைகலப்பு வழக்குகளில் அது ஓரளவு நடக்கலாம். கொலை வழக்கில் நடக்காது.

மலேசியாவில் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் வழக்குகளுக்கு 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் பொருந்தும். 10 வயது நிறையாத பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது. அதற்கு மேற்பட்டவர்களைச் சிறார் நீதிமன்றம் விசாரிக்கும். மாஜிஸ்திரேட்டும் இரண்டு ஆலோசகர்களும் அமர்வார்கள். ஆலோசகர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றத்தை விசாரிக்கச் சிறார் நீதிமன்றத்திற்கு அதிகாரமில்லை. சில நாடுகளில் சிறுவனைப் பெரியவர்களின் நீதிமன்றத்திற்கு அனுப்பலாமா என்று ஒரு நீதிபதி ஆராய்ந்து முடிவு செய்வார். இங்கே அந்தப் படி இல்லை. கொலைக் குற்றச்சாட்டு என்றாலே வழக்கு உயர்நீதிமன்றத்திற்குப் போய்விடும். 2017இல் கோலாலம்பூர் கெராமாட்டில் சமயப் பள்ளி தீப்பற்றி 23 பேர் மாண்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட இரு சிறுவர்களும் அங்குதான் நிறுத்தப்பட்டனர். அதே ஆண்டு பினாங்கில் இந்திய இளைஞர் ஒருவர் பகடிவதைக்கு ஆளாகி மாண்ட வழக்கிலும், 18 வயது நிறையாதவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து உயர்நீதிமன்றத்தில் நின்றார்கள்.

குற்றம் அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் கூட்டாளியின் வயது ஒன்று போதும். 16 வயதுப் பையனும் 20 வயது நண்பரும் ஒரே குற்றச்சாட்டில் சேர்க்கப்பட்டால், விசாரணை சிறார் நீதிமன்றத்தில் நடக்காது. ஆயினும் அந்தப் பையனைப் பொறுத்தவரை, சிறார் நீதிமன்றத்திற்குள்ள அதிகாரங்களையே அந்த நீதிமன்றம் பயன்படுத்த வேண்டும். சிறு வயதில் செய்த குற்றத்திற்கு 18 வயது கடந்தபின் குற்றஞ்சாட்டப்பட்டாலும் சிறார் நீதிமன்றம் கிடையாது.

தண்டனையில் மட்டும் கணக்கு வேறு. குற்றம் நடந்த நாளில் 18 வயது நிறையாதவருக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்கிறது 97ஆவது பிரிவு. இந்தப் பாதுகாப்பு எப்போதும் உறுதியாக இருந்ததில்லை. 1977இல் கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காக 14 வயதுச் சிறுவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போதைய அவசரகால விதிகள் அவனைச் சிறுவனாகவே பார்க்கவில்லை. நாடே கொதித்தெழுந்த பிறகுதான் அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது.

தூக்கு இல்லை என்றால் என்ன? மாமன்னர், சுல்தான் அல்லது மாநில ஆளுநர் விரும்பும் காலம்வரை சிறை. ஆண்டுக் கணக்கு கிடையாது, விடுதலைத் தேதி கிடையாது. ஆயுள் கைதிக்குக்கூட ஓர் எண் இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை. சிறைப் பார்வையாளர் குழு ஆண்டுக்கு ஒரு முறையாவது வழக்கை மறுஆய்வு செய்து, விடுவிக்கலாமா என்று பரிந்துரைக்கும். முடிவு ஆட்சியாளருடையது.

இந்த ஏற்பாடே செல்லாது என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டியூஷன் ஆசிரியையின் மகளைக் கொன்றபோது 12 வயதாக இருந்த சிறுவனின் வழக்கு அது. தண்டனைக் காலத்தை நிர்ணயிப்பது நீதித்துறையின் வேலை, ஆட்சித்துறையின் வேலையன்று என்றார் நீதிபதி கோபால் ஸ்ரீராம். சிறுவன் விடுவிக்கப்பட்டான். சில மாதங்களில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து, தடுப்புக் காவலை மீண்டும் நிலைநாட்டியது. 2023இல் கட்டாய மரண தண்டனை நீங்கியது; ஆனால் கொலைக்கு மரண தண்டனை இன்னும் சட்டத்தில் உண்டு. ஆகவே சிறுவர்களின் கொலை வழக்குகள் இன்றும் உயர்நீதிமன்றத்திற்கே போகின்றன.

பிள்ளை கைதானால் போலீஸ் உடனே பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது. கைதான கட்டத்திலேயே தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரை நாடலாம். மரண தண்டனை வழக்கில் வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் பரப்பும் உறவினர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வயதில் சந்தேகம் எழுந்தால் நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும். அந்த விசாரணையில் கிளினிக் அட்டையும் பள்ளிப் பதிவும் உதவலாம் என்பதால், குடும்பத்தார் அவற்றைத் தேடி வழக்கறிஞரிடம் ஒப்படைப்பது நல்லது.